நான் பூச்சியம் போட்ட பூச்சாடிகள்

மார்ச் முப்பத்தோராம் திகதி இருப்பு எண்ணப் போவது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று காதில் விழுந்தது. பிடிக்காமல்தான் இருக்கும். கணக்காய்வாளர் என்று சொல்லிக்கொண்டு கழுத்துப்பட்டி கட்டி வேலைக்கு வந்த பிள்ளைகளை யாரோ ஒருவருடைய ஸ்டோருக்கு அனுப்பி, சீமெந்துப் பையையும் சவர்க்காரப் பெட்டியையும் எண்ணச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? எனக்கும் முதல் பத்து வருடம் பிடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டது. இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன், மார்ச் வந்தால் கை அரிக்கிறது. சமையலறை அலுமாரியைத் திறந்துகொண்டு சும்மா நின்றால், "என்ன, போத்தல எண்ணுறீங்களா?" என்று மனைவி கேட்கிறாள். உண்மையில் எண்ணிக்கொண்டுதான் இருப்பேன்.

என் வேலைக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அலுவலகத்தில் இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு கடை இருந்தது. ஒரு பக்கம் நாய்ச் சாப்பாடு, பூனை மணல், மீன் தூள், கிளிக்குத் தினை, கூடுகள், தொட்டிகள். மறுபக்கம் உரம், தும்புக் கட்டி, மண்வெட்டி, பூச்சாடி. சுற்றுவட்டாரத்துச் சிறு கடைகள் பலவற்றுக்கு மொத்தமாகச் சரக்குப் போனதும் அங்கிருந்துதான். உள்ளே கால் வைத்ததும் கருவாடும் தவிடும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறும். முதல் அரை மணித்தியாலம் தும்மல், அதன் பிறகு அது வாடை என்பதே மறந்துபோகும். லவ் பேர்ட்ஸ் கூட்டுக்கு முன்னால் நின்று எண்ணத் தொடங்கினால், பத்துக்கு மேல் எந்தக் குருவி எண்ணிய குருவி, எது எண்ணாத குருவி என்று தெரியாது. மீன் தொட்டி அதைவிட மோசம். எண்ணி முடித்துப் பேனாவை மூடும்போது முதலில் எண்ணிய மீன் திரும்பி வந்து நம்மைப் பார்க்கும். ஆனாலும் எனக்கு வாய்த்த வாடிக்கையாளர்களில் அந்தக் கடையைப் போல் நான் ஆசைப்பட்டுப் போன இடம் வேறு இல்லை.

அதன் முதலாளியை ஊரே ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். நல்ல மனிதர். கணக்கு பார்க்க யார் போனாலும் முதலில் இஞ்சிப் பிளேன்ரீயும் ஒரு தட்டு வட்டிலப்பமும் வரும். "முதல்ல வாய இனிப்பாக்குங்க சேர், பொறகு கணக்கப் பார்த்து கசப்பாகலாம்" என்பார். கடையையும் ஸ்டோரையும் அவர் பார்த்தார். கலஹா வீதியில் இருந்த நாற்றுமேடையை அவருடைய தம்பி பார்த்தார். வருடக் கடைசியில் தம்பி ஒரு பட்டியல் எழுதி அனுப்புவார். இத்தனை ரோசா, இத்தனை அந்தூரியம், இத்தனை கலேடியம். மொத்தச் சரக்கில் அது சின்னப் பங்கு. நான் கடையில் கதிரையில் இருந்தபடி அந்தப் பட்டியலுக்கு ஒரு சரி அடையாளம் போட்டுவிட்டு வட்டிலப்பத்தை முடிப்பேன். எத்தனையோ வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு தடவைகூட நாற்றுமேடைக்குப் போகவில்லை.

பிறகு இறக்குமதி நின்று, டொலர் ஏறி, நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. நம்பினால் நம்புங்கள், ஹாஜியாரின் இலாபநட்டக் கணக்கு அந்த நேரத்தில்தான் மிக அழகாக இருந்தது. பழைய விலைக்கு வாங்கி வைத்த நாய்ச் சாப்பாட்டை அவர் புதிய விலைக்கு விற்றார். முன்பு மூன்று பை விற்றால் வரும் இலாபம் இப்போது ஒரே பையில் வந்தது. மகன் ரிஸ்வி மடிக்கணினியில் மேல்நோக்கிப் போகும் கோடுகளைக் காட்டி, கண்டி டவுனில் இரண்டாவது கடை போடலாம் என்று திட்டமும் வைத்திருந்தார். ஹாஜியாருக்கு மட்டும் மனதில் ஏதோ நெருடியது.

"இவ்வளவு லாபம் எண்டு காட்டுது சேர். ஆனா ஸ்டோர் ஏன் காலியாகிக்கொண்டே ஈக்கிது?" என்று கேட்டார்.

"ஒரு பை வித்த காசுக்கு இன்னைக்கு எத்தன பை வாங்கலாம் ஹாஜியார்?"

அவர் யோசித்தார். "அரைப் பை."

"அதுதான் விசயம். புத்தகத்துல லாபம், ஸ்டோருல நட்டம்."

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விலை ஏறும் காலத்தில் இலாபத்தைப் பார்த்துச் சிரிக்கிற முதலாளியிடம், விற்ற பொருளைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேளுங்கள். இந்த ஒன்றை நான் சரியாகச் செய்தேன். இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் இனி நான் சொல்லப் போவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

நான் சொல்ல வந்த அந்த மார்ச்சுக்கு ஆறு மாதம் முன்னர் ஹாஜியாரின் தம்பி மாரடைப்பில் காலமானார். ஸ்டோர் காலி என்பதால் மொத்தச் சரக்கில் நாற்றுமேடையின் பங்கு திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. வங்கி தந்திருந்த மேலதிகப்பற்றை, அதாவது ஓவர்டிராஃப்டை, புதுப்பிக்கும் நேரமும் அதுதான். சம்பளம் கொடுக்கவும் உள்ளூர்த் தீவனம் வாங்கவும் ஹாஜியாருக்கு அந்தக் காசு கட்டாயம் வேண்டும். கணக்காய்வாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட இருப்புச் சான்றிதழ் வேண்டும், அதுவும் அடுத்த வியாழக்கிழமைக்குள் வேண்டும் என்று வங்கி கேட்டது. இருப்பு எண்ணிய முப்பத்தோராம் திகதி வெள்ளிக்கிழமை. நாளைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்.

காலையில் கடையில் எண்ணினோம். மேல் தட்டில் மீன் தூள் டின்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்தேன், பாரமே இல்லை. அடுத்ததையும் எடுத்தேன். அந்தத் தட்டு முழுவதும் வெறும் டின்.

ஹாஜியார் முகம் சிவந்துவிட்டது. "வெறும் தட்டக் கண்டா சனம் கட மூடப் போகுது எண்டு நெனைக்கும் சேர். அதுக்குத்தான் அடுக்கினது. லிஸ்ட்ல சேந்தது எங்கட புள்ளயள்ட பிழ."

அது உண்மைதான் என்று எனக்கே தெரியும். அந்தக் காலத்தில் பாதிக் கடைகள் அப்படித்தான் தட்டை நிரப்பி வைத்திருந்தன. ஆனாலும் கண்டுபிடித்துவிட்டேன் என்ற ஒரு குஷி வந்தது. காலையில் ஒரு பொய்யைப் பிடித்த கண் பின்னேரம் வரை பொய்யையே தேடும். இந்தத் தொழிலில் அது ஒரு வியாதி, என்னை அன்று நன்றாகப் பிடித்திருந்தது.

பின்னேரம் ரிஸ்வியோடு கடையின் சரக்கு ஏற்றும் வானில் கலஹா வீதிக்குப் போனேன். நாற்றுமேடையில் ஐந்து பேர் வேலை செய்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் சரோஜா. நாற்பத்தைந்து, ஐம்பது வயது இருக்கும். மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடு, இருபது வருடமாக அங்கேயே வேலை. தம்பி கடைசியாக எழுதி வைத்த பட்டியல்தான் கையில் இருந்தது, ரோசாவும் அந்தூரியமும் அதோடு ஒத்துப்போயின. அடுத்த வரியில் கலேடியம், மூவாயிரத்துச் சொச்சம் சாடிகள் என்று இருந்தது. உங்களில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது சேம்பு மாதிரி இலை, அதில் சிவப்பும் வெள்ளையும் தெறித்திருக்கும். வீட்டுத் தோட்டக்காரர்கள் அதற்கு உயிரை விடுவார்கள். பட்டியலில் பெரிய தொகையும் அதற்குத்தான்.

சரோஜா எங்களைப் பின்பக்கக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். மேசைகளுக்குக் கீழே சாடிகள் பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. தூசி, சிலந்தி வலை, காய்ந்த மண். ஒரு பச்சை இலை இல்லை.

"இதுல செடி எங்க?" என்று கேட்டேன்.

"இருக்குங்க சேர். தூங்குது."

ரிஸ்வியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"தை மாசம் எல கொட்டிருங்க. அதுக்குப் பொறகு தண்ணி காட்டக் கூடாது, காட்டுனா அழுகிரும். மண்ணுக்குள்ள கெழங்கு இருக்கு. சித்திர மழ விழுந்தா தானா எந்திரிச்சிக்கும்" என்றார் சரோஜா. சொல்லிக்கொண்டே ஒரு சாடிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். சுருங்கிப்போய், காய்ந்த இஞ்சித் துண்டு மாதிரி இருந்தது. "அமுக்கிப் பாருங்க சேர். கெட்டியா இருந்தா உசிரு இருக்கு. மெத்துனு இருந்தா போச்சு."

நான் கையை நீட்டவில்லை. ஏன் என்று இத்தனை காலம் கழித்து உண்மையைச் சொல்கிறேன். நான் பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். என் அம்மா கொழுந்து பறித்தவர். அவருடைய விரலில் இருந்த கறை கடைசி வரை போகவில்லை. மண் படாத வேலை, வெள்ளைச் சட்டை, பேனா என்று நான் படித்து மேலே வந்தவன். அன்றைக்கு அந்த மண்ணை என் கையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அறிக்கையில் எழுதக்கூடிய காரணமா இது? ஆனால் இதுதான் காரணம்.

"ஒண்ணக் காட்டுறீங்க. மத்த மூவாயிரத்துக்கு என்ன சாட்சி?" என்றேன்.

"ஒண்ணொண்ணா கைய விட்டுப் பாக்கணுங்க. மூணு நாள் குடுங்க சேர். நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம்னு நாங்களே பிரிச்சி வச்சிர்றோம். நீங்க வந்து பாத்துக்கங்க."

அவர் கேட்டது மூன்று நாள். வியாழக்கிழமை வரை என்னிடம் ஐந்து நாளுக்கு மேல் இருந்தது. பேராதனையில் இறங்கி யாரைக் கேட்டிருந்தாலும் கலேடியம் கோடையில் தூங்கும் என்று சொல்லியிருப்பார்கள். இந்த நாட்டில் செடிகொடி படித்தவர்கள் அதிகம் இருக்கும் ஊரைக் கடந்துதான் எங்கள் வான் திரும்பியது. நான் கேட்கவில்லை. பொருளுக்குப் பொறுப்பானவரே அதன் தரத்தைச் சொன்னால் அது சான்று ஆகாது என்று நமக்கு ஒரு விதி இருக்கிறது. நல்ல விதி. அன்று அந்த விதிக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். "கலேடியம்: சாடிகளில் மண் மட்டும். பெறுமதி பூச்சியம்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சரோஜா எட்டிப் பார்த்தார். அவருக்கு ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாது, பூச்சியம் தெரியும். அந்தக் கிழங்கைத் திரும்பச் சாடிக்குள் வைத்து மண்ணை மூடினார்.

பல வருடம் போகாமலே ஒப்புக்கொண்டவன், போன முதல் நாளே சந்தேகப்பட்டேன். இரண்டு தடவையும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

வங்கி மேலதிகப்பற்றைப் பாதியாக வெட்டியது. புது வருடத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஹாஜியார் தொலைபேசி எடுத்தார். காசைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"சேர், ஒண்டு கேக்கிறன், மறைக்காம செல்லுங்க. தம்பி என்ன ஏமாத்தினாரா? இவ்வளவு வருசமும் வெறும் சாடியத்தான் செடி எண்டு எழுதினாரா?"

"நான் பார்த்தத எழுதினேன் ஹாஜியார்" என்றேன். மௌத்தான மனிதருக்காக ஐந்து நேரமும் துஆக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணனுடைய மனதில் அன்று நான் சந்தேகத்தைப் போட்டேன்.

நாற்றுமேடையை மூடினார்கள். சரோஜா உட்பட ஐந்து பேருக்கும் அரை மாதச் சம்பளத்தோடு கணக்கு முடிந்தது. பிளாஸ்டிக் சாடிகள் அப்போது சந்தையில் கிடைக்காத பொருள் என்பதால் ஹாஜியார் சாடிகளை மட்டும் நல்ல விலைக்கு விற்றார். உள்ளே இருந்த மண்ணைக் கொட்டிலுக்குப் பின்னால் கொட்டச் சொன்னார். கடைசி நாள் சரோஜா அவரிடம் போய், அந்த மண்ணை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். "மண்தானே, கொண்டு போங்க" என்று ஹாஜியார் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு கிழமை, சரோஜா வெறும் தீவனப் பைகளில் அந்த மண்ணைக் கட்டிக் கலஹா பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார். பஸ்காரன் முணுமுணுத்தானாம், பைக்கும் ஒரு டிக்கட் எடுத்தாராம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் அடுத்த வாடிக்கையாளரின் சீமெந்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மழை வந்து, வைகாசியும் போய், ஆனியில் ஒரு நாள் ரிஸ்வி தொலைபேசியில் கத்தினார். "சேர், உடனே வாங்க. லிஸ்டையும் கொண்டு வாங்க. களவு புடிச்சிருக்கன்."

கடைக்குப் போனபோது மேசை மேல் மூன்று பால்மா டின்கள் இருந்தன. ஒவ்வொரு டின்னிலும் கலேடியம். அப்படி ஒரு நிறத்தை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. வெள்ளை இலையில் சிவப்பு நரம்பு ஓடியது. ஹாஜியார் கதிரையில் தலையைக் குனிந்திருந்தார். சரோஜா கதவோரம் நின்றார். கதிரை காலியாக இருந்தும் யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை. கலஹாச் சந்தியில் வைத்து விற்றவரை ரிஸ்விதான் வானில் ஏற்றிக் கூட்டிவந்திருக்கிறார்.

"இந்த நரம்பு வகை சாச்சா சொந்தமா உண்டாக்கினது. வேற எங்கயும் இல்ல. எங்கட சரக்க வச்சு இவங்க வியாபாரம் செய்றாங்க. பொலிஸுக்குப் போகத்தான் வேணும்" என்றார் ரிஸ்வி. சாச்சா என்று அவர் சொன்னது ஹாஜியாரின் தம்பியை. பிறகு என்னைக் கொஞ்சம் ஒதுக்கமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "சேர், நீங்க எண்ண வாறதுக்கு முன்னுக்கே இவங்க காட்ட ஒண்ட மட்டும் வச்சிட்டு மத்த கெழங்க எல்லாம் தோண்டி ஒளிச்சிருப்பாங்க. அதாலதான் வெறும் மண் இருந்திச்சு. அப்பிடி ஒரு கடிதம் தாங்க. உங்கட ரிப்போட்டும் சரி, எங்கட முறைப்பாடும் சரி."

நல்ல பிள்ளை அவர். தீய எண்ணத்தில் சொல்லவில்லை, அப்படித்தான் நடந்திருக்கும் என்று உண்மையிலேயே நம்பினார். ஏன் நம்ப மாட்டார்? வெறும் மண் என்று எழுதியவன் நான். அந்தக் கடிதத்தை எழுதினால் என் பூச்சியம் சரியான பூச்சியமாகிவிடும். ஓய்வு பெற ஒரு வருடமும் இல்லை. முப்பத்தைந்து வருடத்தில் ஒரு அறிக்கையைக்கூட நான் திருத்தி எழுதியதில்லை, அதை எல்லாரிடமும் சொல்லித் திரிந்தவன். எதிரே கதவோரம் நின்ற பெண்ணிடம் சாட்சி என்று ஒரு தாளும் கிடையாது. பொலிஸில் அவர் சொல்வதைக் கேட்பதா, கணக்காய்வாளர் எழுதியதைக் கேட்பதா? உங்களுக்கே தெரியும்.

ஒரு நிமிடம் யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய்.

பிறகு ஹாஜியாருக்கு முன்னால் போய் நின்று சொன்னேன். "ஹாஜியார், இவங்க ஒண்ணையும் ஒளிக்கல. கெழங்கெல்லாம் அன்னைக்கே சாடிக்குள்ளதான் இருந்துச்சு. இவங்க எனக்குச் சொன்னாங்க. எடுத்துக் காட்டினாங்க. மூணு நாள் கேட்டாங்க. நான் கைய விட்டுப் பார்க்காம பூச்சியம் போட்டேன். பிழை என்னுடையது. உங்க தம்பியோட லிஸ்ட் பொய் இல்ல."

ஹாஜியார் நிமிர்ந்தார். மற்றது எதுவும் அவர் காதில் ஏறவில்லை போலிருந்தது. "தம்பிட லிஸ்ட் பொய் இல்லயா?" என்று மட்டும் திரும்பக் கேட்டார்.

"இல்ல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரிஸ்விதான் விடவில்லை. "அப்ப இது எங்கட சரக்குத்தானே? புத்தகத்தத் திருத்தினா திரும்ப எங்களுக்குத்தானே வரணும்?"

"புத்தகத்த நான் திருத்துவேன். வங்கிக்கும் எழுதுவேன்" என்றேன். "ஆனா மண்ணக் கொட்டச் சொன்னது நீங்க. கொண்டு போகச் சொன்னதும் நீங்க. கொட்டினத எடுத்துப் பிழைக்க வச்சவங்ககிட்ட திருப்பிக் கேட்க எந்தப் புத்தகத்துலயும் இடமில்ல. பொலிஸுக்குப் போனா இவங்க பக்கம் சாட்சி சொல்ல நான் வருவேன்."

ஹாஜியார் சரோஜாவின் பக்கம் திரும்பினார். "நீங்களாவது எனக்கிட்ட செல்லி இருக்கலாமே, உள்ளுக்குக் கெழங்கு ஈக்கிது எண்டு?"

"சொன்னேன் மொதலாளி" என்றார் சரோஜா. "மண்ணக் கேக்க வந்த அன்னைக்கே சொன்னேன். சேர் எழுதிட்டார், இனிப் பேசி வேலையில்லன்னு சொல்லிட்டீங்க."

அந்த அறையில் எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. என் கையெழுத்துக்கு ஊரில் இவ்வளவு மரியாதை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு மனிதர் தன் கண்ணையும் இருபது வருட வேலையாளையும் விட்டுவிட்டு என் பேனாவை நம்பியிருக்கிறார். தெரிந்தபோது பயமாக இருந்தது.

"எத்தன பொழச்சிச்சு?" என்று ஹாஜியார் கேட்டார்.

சரோஜா விரல் விடாமல் சொன்னார். "ரெண்டாயிரத்து நாப்பது மொளச்சிருச்சு. நூத்திப் பத்து வித்துட்டேன். மத்தது அழுகிருச்சு. அழுகினதுல பாதி, சாடியில இருந்து கொட்டுறப்ப அடிபட்டதுங்க."

ஆக, தம்பியின் பட்டியலும் முழுப் பெறுமதி இல்லை, என் பூச்சியமும் இல்லை. சரியான தொகை அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியும். மூன்று நாளில் அவர் அன்றே சொல்லியிருப்பார்.

ஹாஜியார் எழுந்து, தன் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார். "இரிங்க" என்றார். "நர்சரிய திறக்கிறன். பழைய சம்பளத்துக்கு மேல தாறன். செடியோட வாங்க."

சரோஜா இருந்தார். பிளேன்ரீயும் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். "வேலைக்கு வரலங்க மொதலாளி. நான் வளத்துத் தாறேன், நீங்க வெலைக்கு வாங்கிக்கங்க. வெல நான் சொல்றேன்."

ரிஸ்வி வாயைத் திறந்தார். ஹாஜியார் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, தம்பி இறந்த பிறகு நான் பார்க்காத ஒரு சிரிப்புச் சிரித்தார். "வியாபாரம் தம்பிக்கிட்ட படிச்சிருக்கீங்க போல" என்றார். விலை பேச முக்கால் மணித்தியாலம் ஆனது. சரோஜா கடைசி வரை இறங்கவில்லை.

நான் வங்கிக்கு ஒரு கடிதமும் ஹாஜியாருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். நேரில் பார்த்தபோது விளக்கம் தரப்பட்டது, அதை நான் சோதிக்காமல் நிராகரித்தேன் என்று பச்சையாக எழுதினேன். வங்கி மேலதிகப்பற்றை முழுதாகத் திருப்பித் தரவில்லை, கொஞ்சம் கூட்டியது. வேலை போன மற்ற நான்கு பேரில் ஒருவர் கொழும்புக்குப் போய்விட்டார், இருவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள், ஒருவர் எங்கே என்று தெரியவில்லை. என் திருத்தக் கடிதத்தால் அவர்களுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. பிழையை ஒப்புக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆகாது. ஆனாலும் ஒப்புக்கொள்ளுங்கள்.

அடுத்த மார்ச் என் கடைசி மார்ச். ஹாஜியாரின் கணக்கில் கடன்கொடுத்தோர் பட்டியலில், அவர் சரக்குக்குக் காசு கொடுக்க வேண்டியவர்களோடு, சரோஜாவின் பெயர் இருந்தது. சரோஜாவிடம் வாங்கிய கலேடியங்கள், முன்பிருந்ததில் பாதி, வேறு சாடிகளில் திரும்பக் கொட்டிலுக்குள் வந்து, மேசைகளுக்குக் கீழே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. அங்கே நான் போகவில்லை. அப்போது சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத இருவரை அனுப்பினேன். அவர்கள் இப்போது உங்களோடுதான் இருக்கிறார்கள். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னேன். முதலில் சரோஜாவைக் கேளுங்கள், அவர் சொல்கிறபடி செய்யுங்கள், மூன்று நாள் என்றால் மூன்று நாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். முழங்கை வரை மண், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. எண்ணிக்கைத் தாள்களில் விரல் அடையாளம் பதிந்து, சில இடத்தில் இலக்கமே சரியாகத் தெரியவில்லை. "சொரி சேர், தாள் ஊத்தையாப் போச்சு. திரும்ப வேற தாள்ல எழுதித் தாறோம்" என்று அவர்களில் சின்னவள் பயந்து பயந்து சொன்னாள்.

வேண்டாம் என்றேன். அந்தத் தாள்களை அப்படியே கோப்பில் போட்டு, அடியில் கையெழுத்து வைத்தேன்.